113 முறை தோற்றவளை ஜெயிக்க வைப்பது எப்படி? உமாமுசுமே ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு

உமாமுசுமே ஆட்டத்தைப் போனில் இறக்கியாயிற்று. ஆட்டத்துக்குள் காசாகப் புழங்கும் கேரட் இலவசமாகக் கிடைத்ததையெல்லாம் குலுக்கலில் போட்டுத் தீர்த்தாயிற்று. பெரிய பெயர் ஒன்றும் விழவில்லை, கையில் இருப்பவை எல்லாம் ஒற்றை நட்சத்திரக் குதிரைகள். இப்படிப் புலம்பிக்கொண்டிருப்பவர் நீங்கள் என்றால், பர்ஸைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தலைப்பில் சொன்ன 113 முறை தோற்றவள், பைசா செலவில்லாமல் கிடைக்கும் ஹாரு உராரா. அவளை வைத்தே ஒரு கேரியரை, அதாவது ஒரு குதிரையின் முழுப் பந்தய வாழ்க்கையை, முடிக்கலாம்.

ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜப்பானில் நிஜமாக ஓடிய பந்தயக் குதிரைகளின் பெயரையும் குணத்தையும் எடுத்து, குதிரைக் காதும் வாலும் உள்ள பெண்களாக மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் பயிற்சியாளர். சைகேம்ஸ் நிறுவனம் 2021 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியிட்டது, 2025 ஜூன் கடைசியில்தான் ஆங்கிலத்தில் வந்தது. போனிலும் ஆடலாம், கணினியில் ஸ்டீம் வழியாகவும் ஆடலாம். பந்தயம் தொடங்கிவிட்டால் உங்கள் கையில் எதுவும் இல்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். வேலை எல்லாம் அதற்கு முன்புதான்.

படி 1: பல்லைப் பிடித்துப் பாருங்கள்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்காதே என்பார்கள். இங்கே பார்த்தே ஆக வேண்டும். உராராவின் விவரப் பக்கத்தைத் திறந்தால் வரிசையாக எழுத்துகள் தெரியும். தரை, தூரம், ஓடும் பாணி ஒவ்வொன்றிலும் அவளுக்கு இயல்பாக எவ்வளவு வரும் என்பதன் மதிப்பெண் அது. ஜி என்றால் சுத்தமாக வராது, ஏ என்றால் நன்றாக வரும், எஸ் அதற்கும் மேல்.

உராராவுக்கு மண்தரை ஏ, புல்தரை ஜி. குறுந்தூரம் ஏ, மைல் பி, நடுத்தூரமும் நெடுந்தூரமும் ஜி. பாணியில், நடுக்கூட்டத்துக்குப் பின்னால் இருந்து கடைசியில் பாயும் 'லேட் சர்ஜர்' ஏ. முன்னாலேயே ஓடுவதெல்லாம் அவளுக்கு ஆகாது.

புதிதாக வருகிறவர்கள் பலர் செய்யும் தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. புல்தரையில்தான் பெரிய பந்தயங்கள் அதிகம் என்று இவளை அங்கே இறக்கிவிடுவார்கள். ஜி போட்ட தரையில் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் கால் எடுபடாது. மண்தரை, 1,200 முதல் 1,600 மீட்டர் வரை. இதைத் தாண்டி முதல் கேரியரில் யோசிக்க வேண்டாம்.

படி 2: பெற்றோர்

கேரியர் தொடங்கும்போது இரண்டு 'பெற்றோரை'த் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நீங்கள் முன்பு வளர்த்து முடித்த குதிரைகள்தான் இந்தப் பெற்றோர். ஒன்றை மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்து கடன் வாங்கலாம். அந்தப் பெற்றோரிடமும், அவர்களுடைய பெற்றோரிடமும் பொறிகள் ('ஸ்பார்க்', புதுக் குதிரைக்குக் கடத்தப்படும் பலம்) இருக்கும். நீலப் பொறி ஸ்பீடு, பவர் போன்ற புள்ளிகளைக் கூட்டும். இளஞ்சிவப்புப் பொறி, மேலே சொன்ன எழுத்துகளை ஏற்றும். முதல் தடவைக்கு ஸ்பீடு அல்லது பவர் நீலப் பொறி உள்ளவராகக் கடன் வாங்குங்கள், போதும். பெற்றோருக்கும் உராராவுக்கும் உள்ள இணக்கக் குறி இரட்டை வட்டமாக இருந்தால் இன்னும் நல்லது.

படி 3: சப்போர்ட் கார்டு

பயிற்சியில் கூட நின்று உதவும் கார்டுகள் இவை. ஆறு வைக்கலாம். ஐந்து உங்களுடையது, ஒன்று கடன். என் கணக்கு இது: மூன்று ஸ்பீடு, இரண்டு பவர், ஒரு விட் (புத்தி). கடன் வாங்கும் இடத்தில் முழுதாக மேம்படுத்திய எஸ்எஸ்ஆர் (மிக அரிய ரகம்) ஸ்பீடு கார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டசான் பிளாக் கார்டு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். உங்களிடம் எஸ்எஸ்ஆர் இல்லையே என்று வருந்த வேண்டாம். நன்றாக மேம்படுத்திய, அதற்கு அடுத்த ரகமான எஸ்ஆர் கார்டு, அரைகுறை எஸ்எஸ்ஆரைவிட உருப்படியானது.

படி 4: பயிற்சி

ஆட்டமே இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒரு கேரியர் என்பது மூன்று வருடம். ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு முறை, ஆக வருடத்துக்கு 24 முறை உங்களுக்கு வாய்ப்பு வரும். பயிற்சியா, ஓய்வா, உலாப் போவதா, பந்தயமா, ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றுதான். 72 வாய்ப்பு என்பது நிறைய மாதிரி தெரியும். அதில் பந்தயத்துக்கும் ஓய்வுக்கும் போக மிச்சம் பார்த்தால் கைக்குள் அடங்கிவிடும்.

பயிற்சி ஐந்து வகை. ஸ்பீடு பயிற்சி கொஞ்சம் பவரையும் கூட்டும். பவர் பயிற்சி கொஞ்சம் ஸ்டாமினாவையும் கூட்டும். ஸ்டாமினா பயிற்சியோடு கட்ஸ் (மன உறுதி) வரும். கட்ஸ் பயிற்சியில் ஸ்பீடும் பவரும் துளித்துளி வரும். விட் பயிற்சிக்கு ஒரு தனிச் சலுகை உண்டு: மற்றதெல்லாம் எனர்ஜியைத் தின்னும், இது மட்டும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும்.

உராராவுக்கு இயல்பிலேயே பவரில் 10 சதவீதமும் கட்ஸில் 20 சதவீதமும் கூடுதல் வளர்ச்சி. இதைப் பார்த்துவிட்டு நான் முதல் தடவை கட்ஸைப் போட்டுத் தள்ளினேன். எண்ணிக்கை அழகாக ஏறியது, பந்தயத்தில் ஆள் ஏறவில்லை. கட்ஸ் புள்ளி பந்தயத்தில் தரும் பலன் செலவுக்குக் கட்டாது. ஸ்பீடு முதலில், பவர் அடுத்து, விட் இடையிடையே. கடைசியில் ஸ்பீடு 700–800, பவர் 500–600, விட் 300–400 வந்தால் மண்தரைக் குறும்பந்தயத்துக்குத் தாராளம். ஸ்டாமினா 300ஐத் தொட்டால் விட்டுவிடுங்கள்.

முதல் வருடத்தில் மட்டும் இந்த வரிசையைக் கொஞ்சம் மறக்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சியிலும் எந்தெந்த சப்போர்ட் கார்டு வந்து நிற்கிறது என்று வலது பக்கம் தலைகள் தெரியும். எங்கே தலைகள் அதிகமோ அங்கே போங்கள். சேர்ந்து பயிற்சி செய்யச் செய்ய நட்புப் பட்டை நிரம்பும். அது ஆரஞ்சு நிறத்துக்கு வந்தபின், அந்தக் கார்டு தன் சொந்த வகைப் பயிற்சியில் நிற்கும்போது வானவில் மாதிரி மின்னும். அந்த மின்னும் பயிற்சியில் கிடைக்கும் புள்ளி சாதாரணப் பயிற்சியைவிட எவ்வளவோ அதிகம். முதல் வருடம் விதைப்பு, அடுத்த இரண்டு வருடம் அறுவடை.

எனர்ஜி பாதிக்குக் கீழே இறங்கினால் பயிற்சியின் மேல் ஒரு சதவீதம் தெரிய ஆரம்பிக்கும். தோல்வி வாய்ப்பு அது. தோற்றால் புள்ளி குறையும், மூடும் (மனநிலை) கெடும். '30 சதவீதம்தானே, எழுபது நம் பக்கம்' என்று நினைத்தால் அந்த முப்பது உங்களைத் தேடிக்கொண்டு வரும். 20ஐத் தாண்டினால் நான் கை வைப்பதில்லை. ஓய்வு, இல்லாவிட்டால் விட். ஓய்வு எடுத்தாலும் 70, 50, 30 என்று எவ்வளவு எனர்ஜி திரும்பும் என்பது அதிர்ஷ்டம்தான்.

மூடையும் கவனியுங்கள். ஐந்து நிலை உண்டு. உச்சத்தில் இருந்தால் பயிற்சிப் பலன் 20 சதவீதம் கூடும், பந்தயத்தில் ஓட்டமும் கொஞ்சம் கூடும். மூடு சாதாரணத்துக்கு இறங்கினாலே ஒருமுறை உலாக் கூட்டிப் போய்விடுங்கள். அது வீண் செலவு இல்லை.

கோடை முகாம்: இரண்டாம், மூன்றாம் வருடங்களில் ஜூலை, ஆகஸ்ட். அந்த நான்கு வாய்ப்புகளில் எல்லாப் பயிற்சியும் தானாகவே உச்ச நிலையான ஐந்தில் இருக்கும். அதனால் ஜூன் கடைசியில் எவ்வளவு நல்ல பயிற்சி கண்ணில் பட்டாலும், எனர்ஜி குறைவாக இருந்தால் ஓய்வு எடுங்கள். காலிப் பாத்திரத்தோடு பந்திக்குப் போகலாம், காலி எனர்ஜியோடு முகாமுக்குப் போகக் கூடாது.

படி 5: பந்தயங்கள்

உராராவின் இலக்குப் பட்டியலில் வரும் கட்டாயப் பந்தயங்கள் பெரும்பாலும் மண்தரைதான். இடையில் ரசிகர் எண்ணிக்கை போதவில்லை என்றால், நீங்களாகவே பந்தயம் தேடி ஓட வேண்டும். டிசம்பரில் நாகயாமாவின் கபெல்லா ஸ்டேக்ஸ் 1,200 மீட்டர், ஜனவரியில் டோக்கியோவின் நெகிஷி ஸ்டேக்ஸ் 1,400 மீட்டர். இரண்டும் இவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது மாதிரி. பிப்ரவரியில் டோக்கியோவில் நடக்கும் ஃபெப்ரவரி ஸ்டேக்ஸ் 1,600 மீட்டர், முதல்தரப் பந்தயம். அங்கே ஜெயித்தால் ரசிகர் கணக்கு ஒரே தாவு தாவும்.

தொடர்ந்து மூன்று பந்தயம் ஓடவிட்டால் ஆட்டம் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை மதியுங்கள். அலாரம் கடிகாரம் என்ற ஆட்டப் பொருளை வைத்துத் தோற்ற பந்தயத்தைத் திரும்ப ஓடலாம். முதல் வருடத்திலேயே தீர்த்துவிடாமல் கேரியர் முடிவில் வரும் யூஆர்ஏ இறுதிப் போட்டிக்கு வைத்திருங்கள். மூன்று சுற்று அது, ஒன்றில் தோற்றாலும் அங்கேயே முடிந்தது. நீங்கள் அதிகம் ஓடிய வகையிலேயே அந்தச் சுற்றுகள் அமையும் என்பதால், மண்தரையை விடாமல் பிடித்தவருக்குக் கவலை இல்லை.

படி 6: ஸ்கில்

ஸ்கில் வாங்க வாய்ப்பு எதுவும் செலவாகாது, புள்ளி மட்டும்தான். குறுந்தூரம், லேட் சர்ஜர், மண்தரை ஆகியவற்றுக்குப் பொருந்துவதை மட்டும் வாங்குங்கள். குறிப்பு கிடைத்த ஸ்கில் தள்ளுபடியில் வரும். களைப்பு நீக்கும் ஸ்கில் 1,200 மீட்டருக்குத் தேவையே இல்லை. கேரியர் முடியும்போது மிச்சப் புள்ளியை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள்.

படி 7: அரிமா கினென் என்ற அந்தப் பந்தயம்

மூன்றாம் வருட டிசம்பரில் உராராவின் கடைசி இலக்காக வருவது அரிமா கினென். நாகயாமா, புல்தரை, 2,500 மீட்டர். படி 1ஐ மறுபடி பாருங்கள்: அவளுக்கு ஜி போட்ட தரை, ஜி போட்ட தூரம்! பதற வேண்டாம், அங்கே ஓடினாலே இலக்கு நிறைவேறிவிடும். என் முதல் உராரா கடைசியாக வந்தாள், கதை அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு யாராலும் சும்மா இருக்க முடியாது. இவளை எப்படியாவது ஜெயிக்க வைக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஒரு கூட்டம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

நிஜ உராராவின் கதை தெரிந்தால் இது இன்னும் புரியும். 1996இல் பிறந்த சின்னப் பெட்டைக்குதிரை. ஷிகோக்குத் தீவில், வருமானமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்த கோச்சிப் பந்தயத்திடலில் 1998 நவம்பரில் முதல் ஓட்டம், கடைசி. அதையும் சேர்த்து 2004 வரை 113 பந்தயம், ஒரு வெற்றிகூட இல்லை. தோல்வி 80ஐத் தாண்டியதும் நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டாள். அவள்மேல் கட்டிய சீட்டை ஜெயிப்பதற்காக யாரும் வாங்கவில்லை, தாயத்தாக வைத்துக்கொண்டார்கள். காரணம் ஒரு சிலேடை. நம்மூரில் லாட்டரியும் அடிக்கும், லாரியும் அடிக்கும் இல்லையா? ஜப்பானிய மொழியிலும் அதே கதைதான். உராரா சீட்டு 'அடிக்காது', ஆகவே அதை வைத்திருப்பவரை வண்டியும் 'அடிக்காது'. 2004 மார்ச் 22இல் ஜப்பானின் புகழ்பெற்ற ஜாக்கி யுடாக்கா டாக்கே அவள்மேல் ஏறினார், 13,000 பேர் திரண்டார்கள். 11 குதிரையில் பத்தாவது. ஆட்டம் ஆங்கிலத்தில் வந்த பிறகு வெளிநாட்டு ரசிகர்கள் காசு போட்டு அவளுக்குப் புல் வாங்கி அனுப்பினார்கள். 2025 செப்டம்பரில், 29 வயதில் இறந்தாள்.

சரி, அரிமாவுக்கு வருவோம். கணக்கு இப்படி. இரண்டு பெற்றோர், நான்கு தாத்தா பாட்டி, ஆக ஆறு பேர். ஆளுக்கு ஒரே ஒரு இளஞ்சிவப்புப் பொறி, அதில் அதிகபட்சம் மூன்று நட்சத்திரம். மொத்தம் 18தான். ஒரு எழுத்தை ஒரு படி ஏற்ற 1 நட்சத்திரம், இரண்டு படிக்கு 4, மூன்றுக்கு 7, நான்குக்கு 10. மூன்று பேர் புல்தரைக்கும் மூன்று பேர் நெடுந்தூரத்துக்கும் என்று பிரித்தால், ஒவ்வொன்றிலும் 9. இரண்டும் ஜியிலிருந்து டி வரை ஏறும். இரண்டாம், மூன்றாம் வருட ஏப்ரலில் பெற்றோரின் உந்துதல் காட்சி வரும்போது அதிர்ஷ்டம் இருந்தால் இன்னும் ஏறலாம். ஸ்டாமினாவும் 600 பக்கம் வேண்டும், இப்போது களைப்பு நீக்கும் ஸ்கில்லும் வேண்டும்.

அந்தப் பொறிகளுக்கு யாரை வளர்ப்பது? உராராவே உராராவுக்குப் பெற்றோராக முடியாது. புல்தரையிலும் நெடுந்தூரத்திலும் ஏ உள்ள கோல்ட் ஷிப் நல்ல தேர்வு. நிஜ கோல்ட் ஷிப் 2012இல் அரிமாவை ஜெயித்தவனும்கூட. சிக்கல் என்னவென்றால், கேரியர் முடிவில் அவள் ஏ வாங்கிய எழுத்துகளில் எது பொறியாக விழும் என்பது உங்கள் கையில் இல்லை. நெடுந்தூரம் கேட்டால் நடுத்தூரம் கொடுப்பாள், மூன்று நட்சத்திரம் கேட்டால் ஒன்று கொடுப்பாள்.

ஒரு கேரியரைத் தொடங்க 30 டிபி (ஆடுவதற்குச் செலவாகும் புள்ளி) வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்று ஊறும். நூறு நிரம்பியிருந்தால் ஒரே மூச்சில் மூன்று முறை ஓட்டலாம். என் உராரா இதுவரை அரிமாவில் எடுத்த நல்ல இடம் நாலாவது. இன்னும் ஒரு நெடுந்தூரப் பொறி வேண்டும், அதனால் இன்றைக்கும் கோல்ட் ஷிப்பைத்தான் ஓடவிட்டிருக்கிறேன்.