ட்ராக்குக்குக் கிளம்பும் முன்: டேப், நூல், தூக்குக்குண்டு வைத்து பைக்கைச் சரிசெய்வது எப்படி?

வேலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் சுமார் 100 கிலோமீட்டர். சத்துவாச்சாரியில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் காவேரிப்பாக்கம் தாண்டும்போது கிழக்கு வெளுத்துவிடும். ஹைவேயில் வண்டி சமர்த்தாக நேராகத்தான் போகும். அதே வண்டி ட்ராக்கில், மெயின் ஸ்ட்ரெயிட் முடிந்து சி1 என்கிற முதல் வளைவில் சாயும்போது யாரோ ஒருவருடைய வண்டி போல நடந்துகொள்ளும். உடனே புதியவர்கள் டயரைக் குறை சொல்வார்கள், இல்லையென்றால் தங்களையே நொந்துகொள்வார்கள். பல நேரம் காரணம் இரண்டுமில்லை. ஆள் ஏறியதும் வண்டி எவ்வளவு அமுங்கி உட்காருகிறது என்று யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இதை வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம். தேவையானவை: ஒரு டேப், கொத்தனார் கட்டும் நைலான் நூல், தூக்குக்குண்டு, மாஸ்க்கிங் டேப், பேடாக் ஸ்டாண்ட் (சக்கரத்தைத் தூக்கி வண்டியை நேராக நிறுத்தும் ஸ்டாண்ட்), ஒரு நோட்டு. கூட இரண்டு பேர்.

முதலில் ஜியாமெட்ரி என்றால் என்ன என்று கண்ணால் பார்த்துவிடுவோம். வண்டியைப் பேடாக் ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். முன்சக்கர ஆக்சிலின் நடுவிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். டயர் தரையைத் தொடும் இடம் அதுதான். அப்புறம் ஹேண்டில் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சின் சாய்விலேயே ஒரு நேரான குச்சியைப் பக்கவாட்டில் பிடித்து, அது தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இந்த இரண்டாவது புள்ளி முதல் புள்ளிக்கு முன்னால், ஏறக்குறைய நான்கு விரற்கடை தள்ளி விழும். அந்த இடைவெளிதான் ட்ரெயில். குச்சி செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அது ரேக். இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே உள்ள தூரம் வீல்பேஸ்.

ட்ரெயில் என்ன வேலை செய்கிறது? காட்பாடி ஸ்டேஷனில் சாமான் தள்ளும் ட்ராலியின் சுழல் சக்கரத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் தானே திரும்பி, தண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது. வண்டியின் முன்சக்கரத்தையும் அதே விசைதான் நேராக வைத்திருக்கிறது. ட்ரெயில் கூடினால் வண்டி நேர்பாதையில் நிதானமாக இருக்கும், திருப்புவதற்குக் கை வலிக்கும். குறைந்தால் சட்டென்று திரும்பும், வேகத்தில் ஹேண்டில் உதறும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி தரும் தாளில் ரேக் 23.5 டிகிரி என்று அச்சடித்திருப்பார்கள். அந்த எண் வண்டி ஓடும்போது அப்படியே நிற்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீல்பேஸ் 1365 மி.மீ., அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு உள்ள அளவு. முன்சக்கரத்தின் ஆரம் 300, ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள்) ஆஃப்செட், அதாவது ஹேண்டில் அச்சிலிருந்து ஆக்சில் முன்னால் தள்ளியிருக்கும் தூரம், 30 என்று வைத்துக்கொள்வோம். 23.5 டிகிரியில் ட்ரெயில் 98 மி.மீ. பக்கம் வரும். பிரேக் பிடித்து முன்பக்கம் 60 மி.மீ. அமுங்கினால் ரேக் 21 டிகிரியாகிறது, ட்ரெயில் 83-க்கு இறங்குகிறது. ஒரே பிரேக்கில் 15 மி.மீ. போய்விட்டது. பிரேக் பிடித்தபடியே வளைவுக்குள் நுழையும்போது வண்டி தானாகத் திரும்புவது போலத் தோன்றுவது இதனால்தான். ஆகவே ஸ்பிரிங் எங்கே உட்காருகிறது என்பதைச் சரிசெய்யாமல் கோணத்தைத் தொடுவதில் அர்த்தமே இல்லை.

படி 1: பழுது இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டொக் டொக் என்று தட்டினால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) லூஸ். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுவது போல நின்றால் கோன் செட் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். ஃபோர்க் ஆயில் கசிந்தாலும் மேற்கொண்டு அளப்பது வீண். செயின் தொய்வை ஆள் உட்கார்ந்த நிலையிலும் ஒருமுறை பாருங்கள். விறைப்பாக இருந்தால் பின் சஸ்பென்ஷன் அமுங்க விடாது.

படி 2: இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில்

ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) செயின் அட்ஜஸ்ட் செய்யப் போட்டிருக்கும் கோடுகளை நான் நம்புவதில்லை. நூல் பொய் சொல்லாது. பின்டயரின் பின்புறம் நூலைச் சுற்றி, இரண்டு பக்கமும் முன்னோக்கி இழுங்கள். ஸ்டாண்டில் இடிக்காத உயரத்தில், பின்டயரின் பின் ஓரத்தையும் முன் ஓரத்தையும் நூல் லேசாகத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. முன்டயர் ஒல்லி என்பதால் அங்கே இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும். அந்த இரண்டு இடைவெளியும் சமமாக வரும்வரை பின் ஆக்சிலைச் சரிசெய்யுங்கள்.

படி 3: அமுங்கல்

இதைச் சாக் என்பார்கள். ஷாக் அப்சார்பரோடு குழம்பாமல் இருக்க நான் அமுங்கல் என்றே எழுதுகிறேன். முழு நாளும் இதற்கே செலவானாலும் பரவாயில்லை.

போன ஞாயிறு எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டிக்கு அளந்தேன். அவனை லெதர் சூட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன், ஏனென்றால் அவையே பத்து கிலோ பக்கம் வரும். வேலூர் வெயிலில் பத்து மணிக்கு அந்த உடையில் நிற்பது லேசான காரியமில்லை. வண்டியைப் பிடித்திருந்த அவன் சிநேகிதன் கேட்டான்: "இன்னும் எவ்ளோ நேரம்ணா இப்படியே புடிச்சிகினு நிக்கறது?" "ரெண்டே ரீடிங்தான் தம்பி, ஆடாம புடி" என்றேன்.

பின்பக்கம்: சக்கரம் முழுதாகத் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, ஆக்சிலிலிருந்து நேர் மேலே சீட் பக்கத்தில் ஒட்டிய மாஸ்க்கிங் டேப் வரை அளந்தோம். 560 மி.மீ. பிறகு அவன் ஏறி, கால்களை ஃபுட்பெக்கில் வைத்து, ட்ராக்கில் குனிவது போல உட்கார்ந்தான். சீட்டை அழுத்தி மெதுவாக மேலே வரவிட்டு ஒரு அளவு, லேசாகத் தூக்கி மெதுவாக இறங்கவிட்டு ஒரு அளவு. உராய்வால் இரண்டும் ஒன்றாக வராது. சராசரி 522 வந்தது. அமுங்கல் 38. முன்பக்கத்துக்கும் இதே முறைதான், ஃபோர்க் குழாயின் பளபளப்பான பகுதி எவ்வளவு நீளம் தெரிகிறது என்று அளந்தால் போதும்.

120 மி.மீ. பக்கம் பயணமுள்ள (முழுதாக அமுங்கக்கூடிய தூரம்) சஸ்பென்ஷனுக்கு ட்ராக்கில் முன்னால் 30 முதல் 35, பின்னால் 25 முதல் 30 என்று ஆரம்பிக்கலாம். அவனுக்குப் பின்னால் 38 என்றால் பின்பக்கம் உட்கார்ந்து மூக்கு தூக்கி நிற்கிறது. ரேக்கும் ட்ரெயிலும் கூடுகின்றன. வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி அகலமாகப் போகிறது என்று அவன் சொன்னதற்கு விடை கிடைத்துவிட்டது. ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) ஒவ்வொரு படியாக ஏற்றி 29-க்குக் கொண்டுவந்தோம்.

ஒரு தவறான எண்ணம் எல்லோரிடமும் இருக்கிறது. ப்ரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா என்று தெரிய, ஆள் இல்லாமல் வண்டி தன் எடையில் பின்னால் எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். 5 முதல் 10 மி.மீ. இருந்தால் நல்லது. ஆளோடு சரியாக வந்து, ஆள் இல்லாமல் துளிக்கூட அமுங்காவிட்டால் ஸ்பிரிங் உங்களுக்கு மெலிது. தலைகீழாக, ஆள் இல்லாமலே நிறைய அமுங்கினால் ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம்.

படி 4: ஃபோர்க் உயரம்

அமுங்கல் சரியான பிறகும் வண்டி திரும்ப மறுத்தால் மட்டும் இதற்கு வாருங்கள். முன்பக்கத்தை ஸ்டாண்டில் தாங்கிவிட்டு, கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, இரண்டு ஃபோர்க்கையும் ஒரே அளவு மேலே நகர்த்துங்கள். ஒரு தடவைக்கு 3 மி.மீ., அதிகபட்சம் 5. மேலே சொன்ன கணக்கில் 5 மி.மீ. நகர்த்தினால் ரேக் 0.2 டிகிரியும் ட்ரெயில் ஒரு மி.மீ.க்குச் சற்று மேலும் குறையும். கேட்க அற்பமாக இருக்கும், கைக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு ஒருமுறை ஒரு மெக்கானிக் "ரேஸ் செட்டிங்" என்று சொல்லி 15 மி.மீ. ஏற்றிவிட்டார். நானும் அளக்காமல் போனேன். நேர்பாதையில் ஒரு சின்ன மேட்டில் ஹேண்டில் இரண்டு பக்கமும் படபடவென்று அடித்தது. வண்டி விழவில்லை. ஆனால் அன்று மாலை வரை என் உள்ளங்கை நடுங்கியது. அதோடு, முழுதாக அமுங்கினால் மட்கார்டு ரேடியேட்டரில் இடிக்கும் நிலையில் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். அதனால் உயரம் மாற்றினால் அந்த இடைவெளியையும், ஹேண்டிலை இருபக்கமும் முழுதாகத் திருப்பி பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்கே முறுக்குங்கள்.

டேம்பிங் (ஸ்பிரிங் அமுங்கி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) திருகாணி உள்ள வண்டியா? ஆரம்பத்தில் கம்பெனி வைத்த இடத்திலேயே விடுங்கள்.

படி 5: ட்ராக்கில்

செய்த மாற்றத்தை ஏலகிரி மலையின் 14 வளைவுகளில் சோதித்துப் பார்க்கலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். வேண்டாம். எதிரே பஸ் வரும், மணல் கிடக்கும், அங்கே வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியவும் வராது.

ஃபோர்க் குழாயின் பளபளப்பான பகுதியில் ஒரு ஜிப் டை கட்டி, ஆயில் சீலை ஒட்டித் தள்ளிவிட்டு ட்ராக்கில் இறங்குங்கள். முதல் இரண்டு லேப் மெதுவாக. செஷன் முடிந்து உள்ளே வந்ததும் கையுறையைக் கழற்றும் முன்பே டயர் பிரஷரைப் பாருங்கள், ஏனென்றால் ஆறினால் எண் மாறிவிடும். காலையில் நிழலில் வைத்த பிரஷர் மதிய வெயிலில் சில பிஎஸ்ஐ ஏறியிருக்கும். சூடான நிலையில் இருக்கும் எண்ணைத்தான் நாள் முழுதும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஜிப் டை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பயணத்தின் கடைசி 10 மி.மீ. மிச்சமிருந்தால் நன்று. முட்டி நின்றால் முன் ஸ்பிரிங் மெலிது, அல்லது ஆயில் அளவு குறைவு.

நோட்டில் தேதி, வெயில், பிரஷர், அமுங்கல், ஃபோர்க் உயரம், வண்டி எந்த வளைவில் என்ன செய்தது, எல்லாம் எழுதுங்கள். அடுத்த செஷனுக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுத் தம்பி இப்போது 29-இல் ஓட்டுகிறான். அடுத்த முறை ஃபோர்க்கை 3 மி.மீ. ஏற்றிப் பார்ப்பதாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.