மேடையில் பேஸ் கேட்க வேண்டுமென்றால்

வீட்டில் தனியாக வாசிக்கும்போது அறையையே நிறைக்கிற பேஸ் கிட்டார், டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். வால்யூமை ஏற்றினால் 'கும்' என்ற முழக்கம் கூடுமே தவிர, என்ன நோட் வாசிக்கிறோம் என்பது தெரியாது. நான்கு ஸ்ட்ரிங் பேஸில் தடித்த ஈ ஸ்ட்ரிங்கைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வருகிற ஸ்பீக்கர்களில் பல அந்த ஆழத்துக்கு ஒழுங்காக இறங்குவதில்லை. ஜனங்கள் காதில் விழுவது அதே நோட்டின் மேல் அதிர்வுகளான 82, 123, 165 ஹெர்ட்ஸ் முதலியவைதான். அடிச்சத்தத்தை அவற்றிலிருந்து காது தானே ஊகித்துக்கொள்ளும். ஆகவே ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. நடு அலைவரிசை தெளிவாக இருக்க வேண்டும், நோட் எங்கே முடிகிறது என்பது சுத்தமாக இருக்க வேண்டும். கருவி வாங்குவதிலிருந்து மேடையில் எங்கே நிற்பது என்பது வரை இதை வைத்தே முடிவெடுக்கலாம்.

கருவியும் அதன் செட்டப்பும்

ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன், 1960-ல் கொண்டுவந்த ஜாஸ் பேஸ், இந்த இரண்டின் வழியில் வந்தவைதான் கடையில் இருக்கும் பெரும்பாலான மாடல்கள். பிரிசிஷன் வகையில் ஒரே பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்). நடு அலைவரிசை தூக்கலாக இருப்பதால் கூட்டமான பேண்டிலும் நிற்கும். ஜாஸ் வகையில் இரண்டு பிக்கப். இரண்டையும் முழுசாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும், ஆனால் நடுப்பகுதி கொஞ்சம் குழிந்துவிடும். பேண்டில் அமுங்குகிறது என்று தோன்றினால் ஏதாவது ஒரு பிக்கப்பைக் கால் பங்கு இறக்குங்கள், சத்தம் முன்னுக்கு வரும். முதல் கருவியாகப் பிரிசிஷன் வகையைத்தான் பரிந்துரைப்போம். தப்பான சவுண்ட் வைப்பதே அதில் கஷ்டம்.

மெல்லிசைக் குழுவில் வாசிப்பவருக்கு ஐந்து ஸ்ட்ரிங் உண்மையாகவே உதவும். பாடகரின் சுருதி இரண்டு கட்டை என்றால் டி, இரண்டரை என்றால் டி ஷார்ப். நான்கு ஸ்ட்ரிங்கில் இந்த இரண்டுக்கும் கீழ்ப்பகுதியில் நோட் கிடையாது. ஆனால் மலிவான மாடல்களில் ஐந்தாவது பி ஸ்ட்ரிங் தொளதொளவென்று இருக்கும். கடையில் பி ஸ்ட்ரிங்கின் ஐந்தாவது ஃப்ரெட்டையும் (ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டை) திறந்த, அதாவது விரல் வைக்காத, ஈ ஸ்ட்ரிங்கையும் மாறி மாறி மீட்டுங்கள். இரண்டும் ஒரே நோட். ஒன்று கணீரென்றும் மற்றது மொத்தையாகவும் இருந்தால் வாங்காதீர்கள்.

விலை உயர்ந்த கருவியைவிட ஒழுங்காக செட்டப் செய்த கருவி முக்கியம். வரிசை மாறக்கூடாது: முதலில் நெக், அப்புறம் ஸ்ட்ரிங் உயரம், கடைசியில் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது). புது ஸ்ட்ரிங் போட்டு (தடிமன் 45-லிருந்து 105 வரையிலான செட் எல்லா வேலைக்கும் போதும்) ட்யூன் செய்துவிட்டு, ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடம்போடு சேரும் இடத்திலும் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். சாதாரண விசிட்டிங் கார்டு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பி) வலப்பக்கம் இறுக்கவும், குறைவென்றால் தளர்த்தவும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மறுபடி ட்யூன் செய்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. திரும்ப மறுத்தால் பலத்தைக் காட்டாமல் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். ராட் உடைந்தால் நெக்கே போய்விடும்.

ஸ்ட்ரிங் உயரம் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஈ பக்கம் 2.5 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கலாம். இதைவிடத் தாழ்த்தி வைத்தால் வீட்டில் வாசிக்கச் சுகமாக இருக்கும். மேடையில் யாருக்கும் விரல் வேகம் கூடிவிடும், அப்போது ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் அடித்துக் கடகடக்கும். அடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை வெறுமனே தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அதே ஃப்ரெட்டை அழுத்தி எழுப்பும் நோட்டையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய நோட் ஏறியிருந்தால் பிரிட்ஜில் உள்ள சேடிலை (ஸ்ட்ரிங் உட்காரும் சின்னத் துண்டு) பின்னுக்கு நகர்த்த வேண்டும், இறங்கியிருந்தால் முன்னுக்கு. பழைய ஸ்ட்ரிங்கில் இதைச் செய்து பயனில்லை. வியர்வையும் அழுக்கும் சீராக ஏறுவதில்லை, எனவே ஸ்ட்ரிங்கின் கனமே இடத்துக்கு இடம் மாறியிருக்கும். கடலோர ஊர்களில் துரு சீக்கிரம் பிடிக்கும், வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள்.

ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். ஜாக்கைச் செருகியதுமே அது ஓட ஆரம்பித்துவிடும், வாசிக்காவிட்டாலும் தீரும். வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றுங்கள். சத்தம் நொறுங்கிக் கரகரப்பது பேட்டரி சாகிறதன் அடையாளம். பலர் ஆம்ப்பில் கோளாறு என்று எண்ணி இதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆம்ப்புக்கு முன்னால் டிஐ

மெல்லிசை மேடைகளில் பேஸுக்கென்று தனி ஆம்ப் வைப்பது அபூர்வம். கேபிளை நேராக மிக்ஸருக்குக் கொடுத்துவிடுவார்கள். பேட்டரி இல்லாத பாசிவ் பேஸின் பிக்கப்புக்கு எதிரில் 10 லட்சம் ஓம் அளவுக்கு இன்புட் வேண்டும். மிக்ஸரின் லைன் இன்புட்டில் இருப்பது சில பத்தாயிரம் ஓம்தான். அதனால் சத்தம் மங்கி, கம்பளிக்குள் இருந்து வருவதுபோல ஆகிவிடும். போதாக்குறைக்கு ஆறு மீட்டருக்கு மேல் நீண்ட கிட்டார் கேபிள் மேல் அலைவரிசையைத் தின்றுவிடும், இரைச்சலையும் இழுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) அல்லது டிஐ அவுட் உள்ள ப்ரீ-ஆம்ப் பெடல் வைத்தால் இரண்டுமே தீரும். அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்குப் போடும் மூன்று பின் கேபிள்) எவ்வளவு தூரம் போனாலும் கவலையில்லை. செலவழிக்கும் வரிசை எங்கள் கணக்கில் இப்படி: செட்டப், ஸ்ட்ரிங், நல்ல கேபிள் இரண்டு, ட்யூனர், டிஐ, அகலமான ஸ்ட்ராப். ஆம்ப் அதற்கு அப்புறம்தான்.

நிஜ டிரம்ஸோடு ஒத்திகை பார்ப்பதானால் 200 முதல் 300 வாட் வரை வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடுகிறது, அதனால் 100-க்கும் 150-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 8 ஓம் கேபினெட் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். ஆம்ப்பின் பின்னால் குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருந்தால் மூன்றாவதைச் சேர்க்கவே கூடாது. ஆம்ப்பிலிருந்து கேபினெட்டுக்கு ஸ்பீக்கர் கேபிள்தான். கிட்டார் கேபிளின் மெல்லிய கம்பி சூடேறும்.

ஈக்யூவை (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் குமிழ்கள்) எல்லாம் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். 35, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டிவிடலாம், அங்கே ஸ்பீக்கர் வீணாக உதறுவதைத் தவிர ஒன்றும் நடப்பதில்லை. மண்டபம் முழங்கினால் 200 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறையுங்கள். நோட் தெரியவில்லையென்றால் 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் இந்த சவுண்ட் மூக்கால் பேசுவதுபோல அசிங்கமாக இருக்கும். பேண்டோடு கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 60 ஹெர்ட்ஸை ஏற்ற வேண்டாம், அது கிக் டிரம்மின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) இடம்.

உறுமல் வந்தால்

50 ஹெர்ட்ஸ் உறுமல் இல்லாத திருவிழா மேடை குறைவு. பதறி எல்லா வயரையும் பிடுங்காதீர்கள். பேஸின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். உறுமல் நின்றால் அது பிக்கப் வழியாக வருகிறது: சீரியல் லைட், டிம்மர் பக்கத்திலிருந்து விலகுங்கள், உடம்பைத் திருப்பிப் பாருங்கள், ஜாஸ் பேஸ் என்றால் இரண்டு பிக்கப்பையும் முழுசாகத் திறங்கள். நிற்காவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள், அதன் பிறகு டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை (மிக்ஸருக்குப் போகும் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிப்பது) அழுத்துங்கள். உங்கள் ஆம்ப்பும் மிக்ஸரும் வேறு வேறு லைனில் கரண்ட் எடுக்கும்போது எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருவதுதான் இந்த உறுமல். இரண்டையும் ஒரே லைனில் கொடுக்கச் சொன்னால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

என்ன ஆனாலும் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கவோ, எர்த் இல்லாத அடாப்டரில் மாட்டவோ செய்யாதீர்கள். கை ஸ்ட்ரிங்கில் இருக்கும்போது உதடு மைக்கில் படுகிறது. நடுவில் கரண்ட் கசிந்தால் உயிர் போகும். ஜெனரேட்டர் மேடையில் வாசிக்கும் முன் லைன் டெஸ்டரை மைக்கின் வலையிலும் பேஸின் பிரிட்ஜிலும் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை எதையும் தொடாதீர்கள். கச்சேரி தாமதமானாலும் பரவாயில்லை.

ஒத்திகை

ஒத்திகைக்கு வந்து பாட்டைக் கற்றுக்கொள்வது மற்றவர்களின் நேரத்தைத் தின்பது. வீட்டிலேயே கேட்டு எடுத்துவிட வேண்டும். பேஸ் கேட்காத பழைய ரெக்கார்டிங்கை ஆப்பில் ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) ஏற்றி ஓட்டினால் லைன் பளிச்சென்று தெரியும். இளையராஜா பாடல்களில் பேஸ் பெரும்பாலும் தனி மெட்டாகவே ஓடும். அதை வெறும் ரூட் நோட்டாக (கார்டுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளுக்கு, அடிப்படையான நோட்) சுருக்கினால் பாட்டே பாதியாகிவிடும், ஒரு நோட் விடாமல் எடுங்கள். மற்ற பல பாடல்களுக்கு ரூட்டும் அதிலிருந்து ஐந்தாவது ஸ்வரமும் போதும்; பல்லவி, இண்டர்லூட், சரணம் என்று வரிசையும் கார்டும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் சரி.

கட்டைக் கணக்கு நாக்கு நுனியில் இருக்க வேண்டும்: 1 சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் அவற்றின் ஷார்ப். மூன்றுக்கும் ஏழுக்கும் அரை இல்லை. பாடகர் கடைசி நிமிஷத்தில் "நாலரையில் எடுத்துக்கலாம்" என்பார். கீபோர்டுகாரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டுப் பழைய இடத்திலேயே விரலை வைப்பார். அவர் கையைப் பார்த்து வாசித்தால் நீங்கள் தவறான ஸ்கேலில் இருப்பீர்கள், ஆகவே காதையும் கட்டையையும் மட்டும் நம்புங்கள். திறந்த ஸ்ட்ரிங்கை நம்பி எடுத்த லைன் இங்கேதான் கவிழும். எல்லாப் பாட்டையும் திறந்த ஸ்ட்ரிங் இல்லாமலும் ஒருமுறை வாசித்துப் பழகுங்கள்.

முழு பேண்டும் கூடுவதற்கு அரை மணி முன்னால் டிரம்மரோடு மட்டும் உட்காருங்கள். கிக்கோடு சேர்ந்து நோட்டைத் தொடங்க எல்லோரும் பழகுவார்கள், முடிக்கப் பழகுவதில்லை. ஒரே லைனை முதலில் நோட்டை நீட்டி வாசியுங்கள், அப்புறம் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) விழும் நொடியில் நோட்டை இடது கையால் அணைத்து வாசியுங்கள். ஸ்னேர் சட்டென்று பெரிதாகக் கேட்கும். டிரம்மர் பலமாக அடித்ததாக நினைப்பீர்கள், அவர் அடித்தது அதே அடிதான். தபேலாவும் டோலக்கும் இருக்கும் திஸ்ர நடைப் பாடல்களில் இது இன்னும் அவசியம். தபேலாவின் பாயாவும் (ஜோடியில் பெரியது) டோலக்கின் பெரிய தலையும் உங்கள் இடத்திலேயே ஒலிக்கின்றன. ஆறு எண்ணிக்கையில் முதலாவதிலும் நாலாவதிலும் வாசித்து, நடுவில் பாயா வழுக்கிப் பேசும் இடத்தை விட்டுவிடுங்கள்.

போனில் பதிவு செய்து அதன் ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். அதில் ஆழம் ஏறாது என்பதுதான் வசதி. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் லைனைப் பின்தொடர முடிந்தால், எந்த மேடையிலும் அது கேட்கும்.

கச்சேரி அன்று

பையில் இருக்க வேண்டியவை: ஒரு கூடுதல் கேபிள், புது 9 வோல்ட் பேட்டரி, ஸ்ட்ரிங் செட், ஆலன் கீ, ட்யூனர், டேப், டார்ச், காதடைப்பான். ஏசி அறையில் ட்யூன் செய்துவிட்டு வெளியே விளக்குச் சூட்டுக்கு வந்தால் ஸ்ட்ரிங் விரிந்து சுருதி இறங்கும். மேடையில் கால் மணி நேரம் இருக்க விட்டு மறுபடி ட்யூன் செய்யுங்கள். கேபிளை ஸ்ட்ராப்புக்குள் ஒரு சுற்று விட்டு ஜாக்கில் செருகினால் யாராவது மிதித்தாலும் பிடுங்கிக்கொள்ளாது.

டிரம்மரின் ஹை-ஹேட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) பக்கம் நில்லுங்கள், அவர் வலது காலும் தெரியும், கண்ணும் தெரியும். பலகை மேடை உள்ளே வெற்றாக இருப்பதால் ஆம்ப்பைத் தரையில் வைத்தால் மேடையே தவிலாகிவிடும். உறுதியான ஸ்டூல் மேலோ தடித்த ஃபோம் மேலோ வைத்துக் காதை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். கச்சேரியில் எவ்வளவு பலமாக மீட்டுவீர்களோ சவுண்ட் செக்கிலும் அதே பலத்தில் மீட்டிக் காட்டுங்கள். மெதுவாக மீட்டி லெவல் வாங்கினால் முதல் பாட்டிலேயே மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியும், ஆபரேட்டர் உங்களை இறக்கிவிட்டு அப்படியே மறந்துவிடுவார். மானிட்டரில் கிக்கும் பாடகர் குரலும் முதலில் கேளுங்கள், உங்கள் பேஸ் அதற்கடுத்து.

100 டெசிபலில் காது பாதுகாப்பாகத் தாங்குவது கால் மணி நேரம்தான். மூன்று மணி நேரக் கச்சேரிக்குக் காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள்.

தவறான நோட் விழுந்தால் பெரும்பாலும் சரியான நோட் அடுத்த ஃப்ரெட்டில் இருக்கும். விரலை எடுக்காமல் வழுக்கிப் போய்விடுங்கள். இடமே தொலைந்துவிட்டால் வாசிப்பதை நிறுத்திப் பல்லவி திரும்பும் இடத்தைக் காதால் பிடித்து, முதல் அடியில் உள்ளே வாருங்கள். நான்கு பார் பேஸ் இல்லாததைப் பலர் கவனிக்கவே மாட்டார்கள், தவறான பேஸ் பாடகரையே சுருதி தடுமாறச் செய்துவிடும்.

முடிந்ததும் வால்யூமை இறக்கி, ஆபரேட்டரிடம் சானலை மியூட் செய்யச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் கேபிளைக் கழற்றுங்கள். அப்படியே பிடுங்கினால் எழும் 'டப்' சத்தம் ஸ்பீக்கரின் ட்ரைவரைக் காயப்படுத்தும்.