முற்றுகைப் படம் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்பது எப்படி?

மன்னார்குடியில் எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு படம் போடுகிறோம். வெளுத்த எட்டு முழ வேட்டிதான் திரை. இருபது பேர் வந்தால் மாடி நிறைந்துவிடும். படம் முடிந்ததும் பார்த்தவர்களின் கருத்தைக் கேட்டு நோட்டில் எழுதி வைப்பது என் பொறுப்பு. குடும்பக் கதை என்றால் கேட்கும் முன்பே பேசிவிடுவார்கள். ரத்தம் தெறிக்கும் படம் என்றால் பிடித்தது என்று சொல்லவும் கூச்சம், பிடிக்கவில்லை என்று சொல்லவும் கூச்சம். அமெரிக்க இயக்குநர் ஜான் கார்ப்பென்டரின் ‘அசால்ட் ஆன் பிரிசிங்ட் 13’ படத்தைப் போட்ட இரவில்தான் எப்படிக் கேட்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன்.

1976இல் வந்த படம். லாஸ் ஏஞ்சல்ஸில் இழுத்து மூடப்போகும் ஒரு காவல் நிலையம். மகளைக் கொன்றவனைச் சுட்டுவிட்டு ஒரு தகப்பன் அதற்குள் ஓடிவருகிறான். கொலைக் கும்பல் நிலையத்தைச் சூழ்ந்துகொள்கிறது. ஒரு போலீஸ் அதிகாரியும், அலுவலகப் பெண்ணும், வேறு சிறைக்குக் கொண்டுபோகும் வழியில் அங்கே நிறுத்தப்பட்ட கைதிகளும் உதவி வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். கதை அவ்வளவுதான்.

படம் போடுவதற்கு முன்பே எச்சரித்துவிடுங்கள். ஐஸ்கிரீம் வண்டிக்கு அருகே ஒரு சிறுமி சுடப்படுகிறாள். அந்தக் காட்சியை நீக்காவிட்டால் சிறுவர்கள் பார்க்க முடியாத ‘எக்ஸ்’ சான்றிதழ்தான் என்று அமெரிக்கத் தரக்குழு சொன்னபோது, குழுவுக்குக் கொடுத்த பிரதியில் மட்டும் அதை வெட்டிவிட்டுத் திரையரங்குகளுக்கு முழுப் பிரதியை அனுப்பினார்கள். அப்படிப்பட்ட காட்சியை, நம்மை நம்பி மாடியேறி வந்தவர்கள் முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் வைப்பது தவறு. பேத்தியோடு வந்த ஒருவரிடம் படிக்கட்டிலேயே விஷயத்தைச் சொன்னேன். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார்.

செலவுக் கணக்கை மட்டும் முன்னால் சொல்லாதீர்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர், இருபது நாள் படப்பிடிப்பு; எழுத்து, இயக்கம், படத்தொகுப்பு, இசை நான்கும் ஒருவரே. இதை முதலிலேயே சொன்னால் பார்ப்பவர்களுக்குப் படத்தின்மீது இரக்கம் வந்துவிடும். குறை சொல்ல மாட்டார்கள். விளக்குப் போட்ட பிறகு சொன்னேன். மைக்செட் வைத்திருக்கும் தம்பி ஒருவர், “அதனால்தான் அந்த இசை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இடிக்கிறது. ஆனால் வயிற்றைப் பிசைகிறது ஐயா” என்றார். இசையையும் சிக்கனத்தையும் அவராகவே சேர்த்துப் பார்த்தார்.

“படம் எப்படி?” என்று கேட்கவே கூடாது. “பரவாயில்லை” என்று எழுந்துவிடுவார்கள். டீ கொடுத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பிறகு, “எந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்? எந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது?” என்று கேளுங்கள். கண்டதையும் கேட்டதையும் சொல்ல யாருக்கும் தயக்கமில்லை. கருத்து அதன் பின்னாலேயே வந்துவிடும்.

முத்துப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, சத்தமே இல்லாத இடம்தான் காதில் நிற்கிறது என்றார். கும்பல் ஒலியடக்கி மாட்டிய துப்பாக்கியால் சுடும் காட்சி அது. வெடிச்சத்தம் கேட்காது. மேசைமேல் தாள்கள் துள்ளும், கண்ணாடி சிதறும். யார், எங்கிருந்து என்று தெரியாது. தொலைபேசியும் மின்சாரமும் துண்டிக்கப்படுகின்றன. “கஜா அடித்த ராத்திரி இப்படித்தான் இருந்தது. கரண்ட் போனது, செல்போன் போனது. கதவுக்கு அண்டையாக உரலை உருட்டிவைத்து நாலு பேர் சாய்ந்து நின்றோம்” என்றார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த புயல் அது. விடிந்தபோது தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. படத்தில் மற்றவர்கள் மிகை என்று சொன்ன இருட்டை அவர்தான் உண்மை என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஆண்கள் பேசி முடித்ததோடு நோட்டை மூடிவிடாதீர்கள். டம்ளர் கழுவும் இடத்துக்குப் போனால் இன்னும் நாலு கருத்து கிடைக்கும். பேசத் தயங்குபவர்களுக்கு அரைத்தாள் கொடுத்துப் பெயர் இல்லாமல் எழுதச் சொல்லுங்கள்.

பிடிக்காதவர்களிடம் அதிக நேரம் உட்காருங்கள். அன்று ஒரு பெரியவர் பாதியில் எழுந்து மொட்டைமாடிப் பக்கம் போய் நின்றுவிட்டார். விவசாயத் தொழிலாளி, எழுபதைத் தாண்டியவர், கீழ்வெண்மணிக்குப் பக்கத்து ஊர்க்காரர். 1968 டிசம்பர் 25 இரவில் அவருக்குப் பதினாறு வயது. நிலக்கிழார்களின் ஆட்கள் சூழ்ந்து வந்தபோது, அடிக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்த தலித் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் அன்று எரிந்து செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “இந்தப் படத்தில் சுற்றி நிற்பவனுக்கு முகமும் இல்லை, பேச்சும் இல்லை. எங்கள் பக்கம் சுற்றி நின்றவன் யார், எந்த வீடு, எவ்வளவு நிலம் என்று எல்லாருக்கும் தெரியும் தம்பி.” கும்பலை ஆளில்லா நிழலாகக் காட்டுவதுதான் இந்தப் படத்தின் பலம் என்று நான் நினைத்திருந்தேன். அதே இடத்தில்தான் படம் அவரிடம் தோற்றது. இரண்டையும் நோட்டில் எழுதினேன். இரண்டையும் கூட்டி வகுத்து ஐந்துக்கு மூன்று என்று மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை, நீங்களும் போடாதீர்கள்.

எழுதும்போது தகவல்களைச் சரிபாருங்கள். “நிலையத்துக்கு எண் ஒன்பது என்கிறார்கள், பதின்மூன்று எங்கிருந்து வந்தது?” என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். சரியான கேள்வி. கதைப்படி அது பதின்மூன்றாம் பிரிவின் ஒன்பதாம் நிலையம்; தலைப்பை வைத்தது விநியோகஸ்தர்கள். அமெரிக்காவில் முதலில் பெரிதாகக் கண்டுகொள்ளப்படாத படம் 1977 லண்டன் திரைப்பட விழாவில் கொண்டாடப்பட்டது என்பதையும் குறித்துவைத்தேன்.

எழுதியதைச் சொன்னவர்களிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். மறுவாரம் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவருடைய பகுதியைப் படித்தேன். ‘வெண்மணிக் கலவரம்’ என்று எழுதியிருந்தேன். கையைத் தூக்கி நிறுத்தினார். “கலவரம் இல்லை. கொளுத்தினார்கள் என்று எழுது.” அங்கேயே அடித்துவிட்டுத் திருத்தினேன்.