மேலேயிருந்து ஈமக்காடு தேடுவது எப்படி

ஈமக்காடு என்றால் பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த இடம். அதை மேலேயிருந்து தேடப் பையன் ட்ரோன் வாங்கலாம் என்றான். நாங்கள் இருப்பது குரோம்பேட்டை, மீனம்பாக்கம் விமான நிலையம் கூப்பிடு தூரம். அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான். கூகுள் எர்த்தும் ஒரு பழைய லேப்டாப்பும் போதும் என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடம் புவியியல் பாடம் எடுத்தவளுக்கு அது போதாதா!

முதலில் வெளியூர்ப் படங்களில் கண்ணைப் பழக்குங்கள். ஸ்காட்லாந்தில் பிக்ட் என்ற பழங்குடி மக்கள் 5, 6ஆம் நூற்றாண்டுகளையொட்டிப் புதைகுழியைச் சுற்றிச் சதுரமாகவோ வட்டமாகவோ அகழி வெட்டி, நடுவில் மண்மேடு எழுப்பினார்கள். ஏர் ஓட்டி ஓட்டி மேடு கரைந்துவிட்டது. அகழி மட்டும் பிற்பாடு விழுந்த மண்ணால் தூர்ந்து கிடக்கிறது. அந்த மண் ஆழமானது, ஈரம் தங்கும். மழை பொய்த்த கோடையில் சுற்றிலும் பார்லி காய்ந்து மஞ்சளாக, அகழிக்கு மேலே நிற்பது மட்டும் பச்சையாக இருக்கும். மூலைகளில் இடைவெளி விட்ட சின்னச் சதுரம் தெரிந்தால் பெரும்பாலும் பிக்ட் கல்லறைதான். டாரடேல் என்ற இடத்து ஈமக்காடு இப்படி வான்படத்தில்தான் அகப்பட்டது. 2019இல் தோண்டிப் பார்த்தார்கள்.

இதை அப்படியே செங்கல்பட்டு வயலில் தேடாதீர்கள். தண்ணீர் கட்டிய நெல் வயலில் எல்லாமே பச்சை. இங்கே தேட வேண்டியது கல்வட்டம், அதாவது புதைகுழியைச் சுற்றி வளையமாக வைத்த கற்கள். அது பிக்ட் காலத்துக்கும் ஆயிரம் வருடம்போல முந்தைய இரும்புக்காலத்து விஷயம். குன்றின் அடிவாரம், ஏரியை ஒட்டிய மேட்டுத் தரிசு, இவற்றைப் பாருங்கள். மதுராந்தகம் பக்கத்துச் சானூரில் தொடங்கினால் கண் சீக்கிரம் பழகும். புல் காய்ந்த ஏப்ரல், மே மாதப் படம் நல்லது. கற்கள் தனித்தனியாகத் தெரியாது, புள்ளி வைத்த வளையமாகத் தெரியும். கூகுள் எர்த்திலுள்ள அளவுகோலால் குறுக்களவு பாருங்கள்.

அப்புறம் பழைய தேதிப் படங்களைப் புரட்டுங்கள். எல்லாவற்றிலும் வளையம் இருந்தால்தான் நம்பலாம். நான் இதைச் செய்யாமல் ஊரிலிருக்கும் சித்தப்பா மகனை வெயிலில் அனுப்பினேன். "அக்கா, இது வைக்கோல்போர் இருந்த இடம்" என்று போனில் சிரித்தான். நெற்களம், தூர்ந்த கிணறு எல்லாம் வட்டம்தான்.

கிடைத்தால் மண்வெட்டியைத் தொடாதீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, படத்தின் தேதி மூன்றையும் எழுதி எழும்பூரிலுள்ள தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். அன்றே அனுப்பிவிடுங்கள், அடுத்த படம் வருவதற்குள் அங்கே மனைக்கல் நட்டிருப்பார்கள்.