ஆபத்து நேரத்தில் யார் யாரிடம் சொல்வது: எங்கள் புளோக்கின் திட்டம்

சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் ஐந்தாம் மாடியில் ஒருமுறை மின்ஸ்கூட்டர் மின்கலம் தீப்பிடித்தது. புகை மேலேறுவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது செய்திகள். "என்ன வாசனை?" "யார் வீடு?" ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்குமான 995க்கு அழைத்தது எதிர் புளோக்கில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மக்சிக், அதாவது மலாய் ஆன்ட்டி. வேறு யாராவது அழைத்திருப்பார்கள் என்று நாங்கள் எல்லோரும் இருந்துவிட்டோம், நானும்தான்.

அப்புறம்தான் வசிப்போர் குழுவில் நாலு பேர் உட்கார்ந்து திட்டம் போட்டோம். நீங்களும் போடுவதென்றால் தாளும் பேனாவும் போதும்.

மாடிக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். யாருக்குக் காது கேட்காது, யார் சக்கர நாற்காலியில் இருக்கிறார், எந்த வீட்டில் பகலில் பாட்டியும் பணிப்பெண்ணும் மட்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். படிவத்தை நீட்டிக்கொண்டு போனால் கதவு திறக்காது. நான் தீபாவளி முறுக்கோடு போனேன். எட்டாம் மாடிச் சீனத் தாத்தாவுக்கு ஹொக்கியன் மட்டும்தான் வரும். அவரிடம் எதிர்வீட்டு ஆன்ட்டி சொல்வது என்று அன்றைக்கே முடிவானது. பொறுப்பாளர் ஊருக்குப் போயிருந்தால் அடுத்தவர் யார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தாளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடாதீர்கள். யார் தனியாக இருக்கிறார் என்பது ஊருக்கே தெரியவேண்டியதில்லை.

தீயோ மயக்கமோ, முதலில் பார்த்தவர்தான் 995க்கு அழைக்க வேண்டும். அழைத்ததும் குழுவில் "995 அழைத்தாயிற்று" என்று ஒரு வரி. அந்த வரி வராதவரை யாரும் அழைக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும். புளோக் எண், சாலைப் பெயர், வீட்டு எண் மூன்றையும் குளிர்பெட்டிமேல் ஒட்டிவையுங்கள். காது கேளாதவர்கள், பேச முடியாதவர்கள் 70995க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

துறைமுகத்தில் முப்பது வருடம் பாரந்தூக்கி ஓட்டியவன் நான். வாக்கிடாக்கியில் கீழேயிருப்பவர் "நிறுத்து" என்றால் நானும் "நிறுத்து" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதையே இங்கும் வைத்தோம். முதல் ஒத்திகையில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு, திருப்பிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. "இடப்பக்கப் படிக்கட்டில் புகை, வலப்பக்கம் வாங்க" என்று தொடங்கியது, மூன்றாவது ஆளிடம் "வலப்பக்கம் புகை" ஆகிப் போனது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஒரே வழியை நம்பாதீர்கள். 2024 அக்டோபர் 8ஆம் தேதி வீட்டுத் தொலைபேசிச் சேவை தடைபட்டபோது 995, போலீசின் 999 அழைப்புகளும் பாதிக்கப்பட்டன. வீட்டுத் தொலைபேசி இல்லையென்றால் கைப்பேசி, அதுவும் இல்லையென்றால் ஆள். எங்களுக்கு இரண்டாம் மாடிப் பையன் ஒருவன் இருக்கிறான், படிக்கட்டில் பறப்பான். மின்கலத்தில் ஓடும் வானொலி ஒன்றும் வாங்கிவையுங்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி 15 மாலை 6.20க்கு ஊதுகிறதே பொது எச்சரிக்கைச் சங்கு, அது கேட்டால் வானொலியைப் போட்டு அறிவிப்பைக் கேட்க வேண்டும். நம்மவர்களுக்குத் தமிழ் வானொலி ஒலி 96.8 இருக்கிறது.

ஒத்திகையை ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். நாங்கள் இரண்டாவது ஒத்திகையைப் புதன்கிழமை பகல் மூன்று மணிக்கு வைத்தோம். என் மாடியில் பதினோரு கதவைத் தட்டினேன், நாலுதான் திறந்தது. பகலுக்கென்று தனிப் பட்டியல் எழுத வேண்டியதாயிற்று.