பாட்டியின் பழைய சேலையில் தலையணை உறை

வீட்டில் யாருக்காவது கையால் தைத்த பரிசு கொடுக்க ஆசையா? தலையணை உறையில் தொடங்குங்கள். பாட்டி கட்டிக் கட்டி மெத்தென்றான பருத்திச் சேலையைப் போல முகத்துக்கு இதமான துணி கடையில் கிடைக்காது.

சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை நைந்த இடங்களை ஒதுக்கிவிடுங்கள். ரொம்ப மெல்லியதாக இருந்தால், அடியில் பழைய வேட்டித் துணியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

17க்கு 27 அங்குலத் தலையணைக்கு 18 அங்குல அகலம், 62 அங்குல நீளம் வெட்டுங்கள். குறுகிய இரு ஓரங்களையும் ஒவ்வொரு அங்குலம் மடித்துத் தையுங்கள், 60 அங்குலம் மிஞ்சும். நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, ஒரு முனையை 27 அங்குலம் உள்ளே மடியுங்கள். மறுமுனையில் மிஞ்சும் 6 அங்குலத்தை அதன்மேல் மடித்து, இரண்டு பக்கமும் தைத்துத் திருப்புங்கள். அந்த 6 அங்குலம்தான் தலையணை வெளியே வராமல் பிடிக்கும். ஜிப், பட்டன் எதுவும் வேண்டாம்.

மெல்லிய துணிக்குத் தையல் மெஷினில் 11ஆம் நம்பர் ஊசி போடுங்கள், 14 வேண்டாம், ஓட்டை தெரியும். சேலையின் கரை உறையின் வாய்ப்பக்கம் வரும்படி வெட்ட முடிந்தால் இன்னும் அழகு. அதற்காகக் கரையைத் தனியாக எடுத்து ஒட்டுத் தையல் போட்டாலும் தகும்.