டிஸபிலிட்டி பென்ஷன்: படைவீரர்கள் கணக்கில் சேர்க்காமல் விடும் நோய்கள்

குண்டு பாய்ந்தவருக்கும் காலை இழந்தவருக்கும்தான் டிஸபிலிட்டி பென்ஷன் என்று நம்புகிறவர்கள் இன்றும் ஏராளம். வேலூர்ப் பக்கமோ தேனிப் பக்கமோ ஓய்வுபெற்று வந்திருக்கும் ஒரு ஹவில்தாரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "எனக்கு அதெல்லாம் வராதுங்க, நான் முழு சர்வீஸ் முடிச்சு வந்தவன்" என்பார். இன்னும் கொஞ்ச நேரம் பேசினால் பதினைந்து வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுவது தெரியவரும். இடது பக்கம் நின்று பேசினால் அவருக்குக் கேட்காது. சம்மணம் போட்டு உட்கார முடியாது. மூன்றுமே பட்டாளத்தில் இருந்தபோது தொடங்கியவை. மூன்றில் எதுவும் அவருடைய பென்ஷன் ஆர்டரில் இருக்காது.

விதி கேட்பது இரண்டு கேள்விகளைத்தான். இந்தக் குறை ராணுவப் பணியால் வந்ததா, அல்லது பணியால் மோசமானதா? அதன் அளவு 20 சதவீதத்தைத் தொடுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், முழு சர்வீஸ் முடித்து வந்தவருக்கும் சர்வீஸ் பென்ஷனோடு டிஸபிலிட்டி எலிமென்ட் என்ற குறைக்கான தொகை தனியாக உண்டு. நூறு சதவீதக் குறைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அதற்குக் கீழே அந்த விகிதப்படி. இதில் ஒரு சலுகையும் இருக்கிறது. 50 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடுவார்கள். அப்படியென்றால் ஓய்வுபெறும்போது உடலைப் பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு வெறும் 20 என்று எழுதினாலும் கையில் வருவது கடைசிச் சம்பளத்தில் 15 சதவீதம். முதலில் இந்தச் சலுகையை மருத்துவக் காரணத்தால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். பணிக்காலம் முடித்தவர்களுக்கும் பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் விதிகள் மாறிவிட்டன. ஆனால் புதிய விதிகள் அதற்கு முன்பே வெளியே வந்தவர்களைத் தொடாது. இங்கே எழுதுவதும் பெரும்பாலும் அந்தப் பழைய ஆட்களுக்காகத்தான்.

மறைத்த நோய்

பெரிய தவறு ஓய்வுபெறும் நாளில் நடப்பதில்லை, பல வருடங்களுக்கு முன்பே நடந்துவிடுகிறது. நாயக்கிலிருந்து ஹவில்தார் ஆக வேண்டும், பிறகு ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்டு ஆபீஸர்) ஆக வேண்டும். அதற்கு 'ஷேப் ஒன்', அதாவது முழு மருத்துவத் தகுதி இருக்க வேண்டும். அந்தத் தகுதி குறைந்து கேட்டகரி டவுன் ஆனால் புரமோஷன் நிற்கலாம், நல்ல கோர்ஸ் கைவிட்டுப் போகலாம். அதனால் முழங்கால் வீங்கினால் யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் இரண்டு வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுக் காலை பி.டி.க்குப் போய் நிற்பார்கள். ரொம்ப முடியாவிட்டால் லீவில் ஊருக்கு வரும்போது தெரிந்த தனியார் டாக்டரிடம் எக்ஸ்ரே எடுத்துக்கொள்வார்கள். யூனிட்டுக்குத் திரும்பியதும் அந்தச் சீட்டைக் காட்டுவதில்லை.

அந்த மனநிலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புரமோஷன் என்பது குடும்பத்துக்கான சம்பளம். ஆனால் விளைவு என்ன? ரிலீஸ் மெடிக்கல் போர்டு உட்காரும்போது முழங்காலைப் பற்றி ஒரு வரிகூட ராணுவக் காகிதத்தில் இல்லை. போர்டு பார்ப்பது அந்தக் காகிதத்தைத்தான். இன்னும் சர்வீஸில் இருக்கிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: கேட்டகரி டவுன் ஆகும் அளவுக்குப் போகாத வலியாக இருந்தாலும் யூனிட் டாக்டரிடம் போய் சிக் ரிப்போர்ட் செய்யுங்கள். மாத்திரை வாங்கினால் அது பதிவாகிறதா என்று பாருங்கள். லீவில் ஊரில் சிகிச்சை எடுத்தால் அந்தக் காகிதங்களை யூனிட் டாக்டரிடம் கொடுத்து மெடிக்கல் டாக்குமென்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். அடிபட்டால் இஞ்சுரி ரிப்போர்ட் போடாமல் விடவே கூடாது. வாலிபால் ஆடும்போது விழுந்ததாக இருந்தாலும் சரி. யூனிட் ஏற்பாடு செய்த விளையாட்டு என்றால் அதுவும் டியூட்டி கணக்குத்தான்.

பி.பி.யும் சர்க்கரையும் "எல்லாருக்கும் வருவதுதானே"

அதிகம் விட்டுப்போவது இவைதான். ஊரில் எல்லாருக்கும் பி.பி. இருக்கிறது, இதற்கு ராணுவம் என்ன செய்யும் என்று வீரரே நினைத்துவிடுகிறார். போர்டும் அப்படியே நினைத்து 'என்.ஏ.என்.ஏ.' என்று எழுதிவிடுகிறது. பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல என்று பொருள்.

ஆனால் ராணுவ மருத்துவர்களுக்கான கையேடே இந்த நோய்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஃபீல்டு (களப் பகுதி), தீவிரவாத எதிர்ப்புப் பணி, உயரமான மலைப்பகுதி ஆகியவற்றின் அழுத்தத்தில் ரத்த அழுத்தம் தொடங்கினாலோ ஏறினாலோ அதைப் பணியோடு தொடர்புபடுத்தலாம். சர்க்கரைக்கும் பணிச்சுமையால் மோசமானது என்ற வழி இருக்கிறது. மாரடைப்பு என்றால், அதற்கு முந்தைய 14 நாள்களில் அவர் என்ன டியூட்டி பார்த்தார் என்பதையே தனியாகக் கேட்பார்கள். இரவு முழுக்க எல்லையில் பெட்ரோலிங் போனவரின் 14 நாளும் ஆபீஸில் உட்கார்ந்திருந்தவரின் 14 நாளும் ஒன்றல்ல. யூனிட் கிளார்க் அதை இரண்டே வரியில் முடித்துவிட்டால் நஷ்டம் வீரருக்குத்தான்.

இங்கே ஒரு பொறி உண்டு. காஷ்மீரிலோ லடாக்கிலோ மூன்று வருடம் கிடந்துவிட்டு பீஸ் ஸ்டேஷனுக்கு (அமைதிப் பகுதிக்கு) வருவார். வந்தபிறகுதான் மருத்துவப் பரிசோதனையில் பி.பி. தெரியும். "பீஸ் ஏரியாவில் தொடங்கியது" என்று எழுதி நிராகரித்துவிடுவார்கள். கண்டுபிடித்த இடம் வேறு, தொடங்கிய இடம் வேறு. அதனால் எந்த வருடம் எந்த இடம், ஃபீல்டா பீஸா என்ற போஸ்டிங் பட்டியல் ஒரு வரிகூடப் பிசகாமல் இருக்க வேண்டும். ஒன்பதாயிரம் அடிக்கு மேலே இருந்த காலத்தையும், அங்கே தலைவலி, மூச்சுத்திணறல் என்று ஒரு நாள் படுத்திருந்தால் அதையும் விடாமல் எழுத வேண்டும். சியாச்சினில் இருந்தவர்களுக்குக் குளிரில் விரல் மரத்துப்போனது, ரத்தம் உறைந்தது போன்றவை பிற்காலத்தில் பெரிதாகலாம். "அங்க எல்லாருக்கும் அப்படித்தாங்க" என்று அதையும் விட்டுவிடுகிறார்கள்.

காது

பீரங்கிப் படையில் இருந்தவர், டாங்கியில் இருந்தவர், ஜெனரேட்டர் பக்கத்தில் வேலை பார்த்த இ.எம்.இ. (இயந்திரப் பராமரிப்புப் பிரிவு) ஆள், இவர்களுடைய காதை நான் தனியாகக் கேட்பேன். மெல்ல மெல்லக் குறைவதால் அவர்களுக்கே தெரியாது, வீட்டில் டி.வி. சத்தத்தை வைத்து மனைவி சொல்லித்தான் தெரியும். காதுக்குள் ஓயாத ரீங்காரத்தை நோயாகவே நினைக்க மாட்டார்கள். போர்டுக்கு முன் ஆடியோகிராம் (கேட்கும் திறன் பரிசோதனை) எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். காதுக் குறை மட்டும் தனியாக 20 சதவீதத்தைத் தொடாமல் போகலாம். அதனால் பயனில்லை என்று விட வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட குறைகளைச் சேர்த்து மொத்தமாக ஒரு சதவீதம் போடுவார்கள். வெறும் கூட்டல் கணக்கு இல்லை, ஆனாலும் முழங்காலோ முதுகோ கூடச் சேரும்போது கோட்டைத் தாண்ட வாய்ப்பு உண்டு.

சொல்ல வெட்கப்படுவது

தூக்கமின்மை, திடுக்கிட்டு எழுவது, காரணமில்லாத கோபம், யாரோடும் பேசப் பிடிக்காதது. இதை "மிலிட்டரிக்காரர்னா அப்படித்தான்" என்று குடும்பமே ஏற்றுக்கொண்டிருக்கும். பிறகு குடி வரும். காகிதத்தில் குடி மட்டும் பதிவானால் கதை முடிந்தது. மது, புகையிலை, போதைப்பொருளால் வந்த குறைக்கு இந்தப் பென்ஷன் கிடையாது. குடிக்கு முன்னால் என்ன இருந்தது என்பதை மனநல மருத்துவர் பதிவு செய்திருந்தால் மட்டுமே வேறு பேச்சுக்கு இடம் உண்டு.

மனநோய் என்றால் "பிறவியிலேயே இருந்தது" என்று எழுதி ஒதுக்குவதும் வழக்கம். அதை நீதிமன்றங்கள் அப்படியே ஏற்பதில்லை. தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல ஆரோக்கியத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். நோய் முன்பே இருந்தது என்று சொன்னால் போர்டு காரணத்தை எழுத வேண்டும். நிரூபிக்கும் சுமை வீரர்மேல் இல்லை. தரம்வீர் சிங்குக்கு இருந்தது வலிப்பு நோய். ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) என்று வெளியே அனுப்பப்பட்ட ஒரு வீரருக்கு 2025-லும் உச்ச நீதிமன்றம் பென்ஷன் கொடுக்கச் சொன்னது. போர்டு காரணம் எழுதாமல் விட்டதுதான் அங்கேயும் முக்கியக் குறை.

போர்டு நாள்

ரிலீஸ் மெடிக்கல் போர்டு படிவத்தில் வீரரின் சொந்த வாக்குமூலத்துக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. எப்போது, எங்கே, என்ன நோய், எப்படி வந்தது என்று அவரே சொல்லும் இடம். பெரும்பாலானோர் அதில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும் ரயில் டிக்கெட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்கள். கிளார்க் நிரப்பிக் கொடுத்ததில் கையெழுத்து மட்டும் போட்டவர்களும் உண்டு. இந்த விஷயத்தில் ஆபீஸர்கள் விவரமானவர்கள். சாதாரணச் சிப்பாய்க்கு இதைச் சொல்லித்தர யூனிட்டில் ஆள் கிடைப்பது அரிது.

நகல் வாங்காமல் வெளியே வருவது அடுத்த தவறு. போர்டு நடவடிக்கையின் நகல் கையில் இல்லாமல், எந்தக் காரணத்துக்கு நிராகரித்தார்கள் என்று தெரியாமல் மேல்முறையீடு எழுத முடியாது. நகல் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், வீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் கேட்கலாம். பழைய கோப்புகளை ஒரு காலத்துக்குப் பின் அழித்துவிடுவார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வெளியே வந்த பிறகு

"நானாகக் கேட்டு முன்கூட்டியே வந்தேன், எனக்குக் கிடைக்காது" என்பதும் தவறான எண்ணம். 2006 ஜனவரி 1-க்குப் பிறகு விருப்ப ஓய்வில் வந்தவர்களுக்கும் டிஸபிலிட்டி எலிமென்ட் உண்டு.

நிராகரித்த கடிதம் வந்தால் அதோடு முடிந்தது என்று பீரோவில் வைத்துப் பூட்டுவது வழக்கம். துறைக்குள்ளேயே இரண்டு கட்ட மேல்முறையீடு இருக்கிறது. அதற்கு மேலே ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் கிளை சென்னையிலேயே இருக்கிறது. பல வருடம் கழித்துப் போனாலும் பென்ஷன் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் கேட்பார்கள். ஆனால் தாமதமாகப் போனவருக்குப் பாக்கித் தொகையை வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும் கொடுப்பது நடைமுறை. 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு அது. பத்து வருடம் யோசித்தவருக்கு ஏழு வருடப் பணம் போய்விடுகிறது.

தொடங்கும் இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். போகும்போது டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் ஆர்டர்), போர்டு நகல், இப்போது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் வாங்கும் மருந்துகளின் சீட்டு, எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். "வர்ற பணத்துல பாதி எனக்கு" என்று கேட்கும் தரகர்கள் அலுவலக வாசலிலேயே நிற்பார்கள். விண்ணப்பம் எழுத அந்த அளவு பணம் எதற்கும் தேவையில்லை. வீரர் இறந்துவிட்டிருந்தால் அவர் உயிரோடு இருந்த காலத்துக்கான பாக்கியை மனைவி கேட்கலாம். அதற்கும் முதலில் வேண்டியது அந்தப் போர்டு நகல்தான்.